வேசித்தனமும் ஜாரத்வமும்

ஹைதராபாத் வந்த புதிதில் தெலுங்கு எழுத்து பழகலாமென்று ஒரு தெலுங்கு பைபிள் வாங்கினேன். தமிழில் பாதி மனப்பாடம், அர்த்தம் தானாகப் பிடிபடும் என்று கணக்கு. கொரிந்தியர் முதல் நிருபம் 6ஆம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். தமிழில் 'வேசித்தனம்' வரும் இடத்தில் இங்கே 'ஜாரத்வமு'.

ஜாரன் என்றால் கள்ளப்புருஷன். நம் வார்த்தை பெண்ணைக் காட்டுகிறது, இவர்களுடையது ஆணை! கிரேக்க மூலமான 'போர்னேயா'வும் விலைமாதைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளதுதான். ஆக, தமிழில் தப்பில்லை. ஆனால் பவுல் அங்கே கண்டிப்பது அவளிடம் போகிற ஆண்களை. ரோமச் சட்டத்தில் மனைவி தவறினால்தான் விபசாரம். கணவன் விலைமாதிடமோ அடிமைப்பெண்ணிடமோ போனால் குற்றமில்லை. ஆணுக்கும் அதே அளவுகோல் என்றதுதான் அன்றைக்குப் புதுசு.

அந்தப் புதுசு நம்மூர் கிறிஸ்தவர்களுக்கு வந்து சேர எவ்வளவு காலம் தெரியுமா? 1869 விவாகரத்துச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் விபசாரம் மட்டும் போதும். மனைவிக்கோ அதோடு கொடுமை, இரண்டு வருடம் கைவிட்டது என்று இன்னொன்றும் வேண்டும். 2001இல்தான் திருத்தினார்கள்.

என் பெரியம்மாவுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. ஊருக்கே தெரிந்த பெரியப்பா கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். வேசித்தனம் பற்றிப் பிரசங்கம் வந்தால் தலை குனிவது பெரியம்மாதான். சட்டம் மாறியதைச் சொன்னேன்.

"இனிமே எனக்கு எதுக்குய்யா?" என்றாள்.