ஆப்பம் சுடலாம் வாங்க

எங்கள் யங்கூனில் தெருவோரத்தில் ஒரு பலகாரம் விற்பார்கள். அரிசி மாவைக் குழிவான சின்னச் சட்டியில் ஊற்றி, மேலே தேங்காய் தூவி, மொறுமொறுவென்று எடுத்துத் தருவார்கள். பர்மிய மொழியில் அதற்குப் பெயர் 'ஆபோன்'. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆமாம், நம்ம ஆப்பம்தான்! தோசையை அவர்கள் 'தோஷே' என்கிறார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கமிருந்து ஏராளமான தமிழர்கள் கப்பல் ஏறி இங்கே வந்தார்கள். வயலிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்தார்கள், கடை வைத்தார்கள். அனவ்ரத்தா சாலையில் இருக்கும் காளி கோயிலை 1871இலேயே கட்டிவிட்டார்கள். ஆட்கள் வந்தால் சாப்பாடும் கூடவே வரும், இல்லையா?

என் மகளுக்கு ஏழு வயது. ஒரு நாள் என் அம்மாவிடம், "அப்பத்தா, ஆப்பம் பண்ணுங்க" என்றாள். அம்மா சிரித்துவிட்டார்.

"ஆப்பம் பண்ண மாட்டாங்க கண்ணு. சுடுவாங்க."

"அப்போ தோசை?"

"தோசை ஊத்துவாங்க."

"இட்லி?"

"இட்லி அவிப்பாங்க. சோறு ஆக்குவாங்க. அப்பளம் பொரிப்பாங்க."

நான் பள்ளியில் படித்தது பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும். தமிழ் எனக்குக் காது வழியாக வந்தது. எழுதப் படிக்கப் பிறகுதான் கற்றேன். அம்மா சொன்னதைக் கேட்டபோது ஒன்று தோன்றியது. 'ஆப்பம்' என்ற சொல் பர்மிய மொழிக்குள் போய்விட்டது. ஆனால் ஊறவை, ஆட்டு, கரை, சுடு எதுவும் அதனுடன் போகவில்லை. அவை அடுப்பங்கரையிலேயே நின்றுவிட்டன. வீட்டில் ஆப்பம் சுடாவிட்டால் என் மகளுக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து கிடைக்கும்? கடையில் வாங்க 'எவ்வளவு?' என்ற ஒரு சொல் போதும். அதுவும் பர்மிய மொழியில்!

அதனால் ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் வேலையில் இறங்கினோம். இரண்டு டம்ளர் பச்சரிசி, இரண்டு கரண்டி உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கழுவி, நான்கு மணி நேரம் ஊறவைத்தோம். உளுந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியா வெளிநாடுகளில் வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மரில் விளைந்ததுதான். சென்னையில் உங்கள் மாமா சாப்பிடும் இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இருக்கலாம்!

அரைக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. யங்கூனில் இது வழக்கம்தான். "ஆட்டுக்கல் எதுக்கு இருக்கு?" என்றார் அம்மா. அவர் குழவியைச் சுற்ற, மகள் ஓரத்து மாவை உள்ளே தள்ளிவிட்டாள். மிக்ஸியில் அரைப்போம், ஆட்டுக்கல்லில் ஆட்டுவோம். இரண்டும் வேறு வேறு என்று அவள் கை கற்றுக்கொண்டது. துருவிய தேங்காயும் ஒரு பிடி சோறும் சேர்த்து ஆட்டினோம். உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடி வைத்தோம்.

"எத்தனை மணிக்குப் பொங்கும் அப்பத்தா?"

"அது பொங்கும்போது பொங்கும்."

எனக்கு வேலை கம்ப்யூட்டரில். பொத்தானை அழுத்தினால் பதில் வந்துவிடும். மாவு அப்படி யார் பேச்சையும் கேட்காது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அரிசியிலும் உளுந்திலும் இருக்கின்றன. அவை மாவில் உள்ள சர்க்கரையைத் தின்று, புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. அந்த வாயு குமிழ் குமிழாகச் சேர்ந்து மாவைத் தூக்குகிறது. ஏப்ரல் வெயிலில் சீக்கிரம் பொங்கும். டிசம்பர் இரவில் நேரமாகும்.

மறுநாள் காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. அம்மா பரணிலிருந்து இரும்பு ஆப்பச்சட்டியை எடுத்தார்.

அந்தச் சட்டி என் தாத்தாவின் தங்கையுடையது. 1964இல் அரசாங்கம் கடைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். நகையும் பணமும்கூட அதிகம் கொண்டுபோக முடியவில்லை. கப்பல் ஏறும் முன் அவர் இந்தச் சட்டியை என் பாட்டியிடம் கொடுத்தார். "கனமா இருக்கு அண்ணி, நீங்க வச்சிருங்க. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்" என்றாராம். அவர் வரவே இல்லை. அப்படிப் போனவர்கள் அங்கே பர்மியச் சாப்பாட்டைக் கொண்டுபோனார்கள். சென்னையில் பர்மா பஜார் பக்கம் இன்றும் 'அத்தோ' விற்கிறார்கள். அது பர்மியப் பெயர்.

சட்டி சூடானது. முதல் ஆப்பம் ஒட்டிக்கொண்டது. "முதல் ஆப்பம் சட்டிக்கு" என்று அம்மா சுரண்டி எடுத்தார். அடுத்ததற்கு மகள் ஒரு கரண்டி மாவு ஊற்ற, நான் துணியால் இரண்டு காதையும் பிடித்துச் சட்டியைச் சுழற்றினேன். மூடி வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தோம். திறந்தால், நடுவில் பஞ்சு மாதிரி, ஓரத்தில் முறுகல்! தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிட்டோம்.

கொஞ்சம் மாவு மீந்தது.

"நாளைக்கு இன்னும் புளிச்சிரும். வெங்காயம் போட்டு ஊத்தப்பம் ஊத்திரலாம்" என்றார் அம்மா.

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். "ஊத்தப்பம்னா, ஊத்துற அப்பமா?"