செம்மஞ்சள் மதுவின் தாயகத்திலே

ஜோர்ஜியா நாட்டின் தலைநகராகிய திபிலீசியிலிருந்து கிழக்கே காகெத்தி மாகாணத்துக்குச் செல்லும் மலைப்பாதையிற் கொம்போரி என்னும் கணவாய் உண்டு. ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரமான அக்கணவாயைக் கடந்து நமது வண்டி இறங்கத் தொடங்கியதும் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்குக் கண்முன்னே விரிந்தது. அதற்கு அப்பால், சித்திரை மாதமாகியும் பனி கரையாத கோக்கசு மலைத்தொடர் வெண்மதில் போல் நின்றது. இப்பால் எங்கு நோக்கினும் முந்திரிகைத் தோட்டங்கள். யாழ்ப்பாணத்திலே பந்தலிற் படரும் முந்திரிகையையே கண்டு பழகிய நமக்கு, கம்பியிற் கட்டப்பட்டு இடுப்பளவில் அணிவகுத்துத் தளிர்விட்டு நின்ற கொடிகள் புதுமையாகத் தோன்றின. இந்நாட்டுக்கே உரிய முந்திரிகை இனங்கள் 500க்கு மேற்பட்டவை. நாலாம் நூற்றாண்டிலே இங்குக் கிறீஸ்தவ சமயத்தைப் பரப்பிய புனித நீனோ, முந்திரிகைக் கொடியைத் தம் கூந்தலாற் பிணைத்துச் சிலுவை செய்தார் என்பது இம்மக்களின் ஐதிகம். ஆகவே இந்நாட்டைப் பற்றி எழுதப் புகுவோர் மதுவைத் தவிர்த்து எழுதுதல் இயலாது. மதுவருந்தும் பழக்கம் நமக்கில்லை. ஆயினும், அருந்துவோர் தம்முள் வாதாடுவதைக் கேட்பதற்கு அப்பழக்கம் வேண்டுவதில்லை அன்றோ?

வாதத்துக்கு உரியது செம்மஞ்சள் மது. பெயரைக் கேட்டவுடன் தோடம்பழத்திலிருந்து வடித்தது போலும் என்று எண்ணிவிடலாகாது. கறுப்பு முந்திரிகையைத் தோலோடு புளிக்க வைத்தாற் சிவப்பு மது. வெள்ளை முந்திரிகையைப் பிழிந்து, தோலை உடனே நீக்கிச் சாற்றை மட்டும் புளிக்க வைத்தால் வெள்ளை மது. இவை உலகறிந்த இருவகை. வெள்ளை முந்திரிகையையே சிவப்பு மதுவின் முறைப்படி தோலோடு ஊறவிட்டால் நிறமும் துவர்ப்பும் சாற்றில் இறங்கிச் செம்பொன்னிறம் உண்டாகும். இதற்குச் செம்மஞ்சள் மது என்று பெயர் வழங்கியவர் டேவிட் ஹார்வி என்னும் ஆங்கில மது வணிகர், ஆண்டு 2004. பொருள் பழையது, பெயர்தான் புதியது. ஜோர்ஜியர் இதனை அம்பர் என்னும் பிசின்மணியின் நிறத்தது என்பர். சிவப்பு மதுவையோ கறுப்பு மது என்பர்.

எத்துணைப் பழையது என்பதற்குச் சான்றுண்டு. திபிலீசிக்குத் தெற்கே 50 கிலோமீற்றர் அளவில் உள்ள கடச்சிரிலி கோரா முதலிய மேடுகளில் அகழ்ந்தெடுத்த மட்பாண்ட ஓடுகளில் முந்திரிகை மதுவின் எச்சங்கள் படிந்திருத்தலை ஆராய்ச்சியாளர் 2017 இல் வெளியிட்டனர். அவ்வோடுகளின் வயது ஏறக்குறைய 8,000 ஆண்டுகள்.

தெலாவி நகருக்கு அண்மையில் ஒரு கிராமத்து வீட்டிற் சில நாட்கள் தங்கினோம். வீட்டுக்காரர் அறுபது வயதைக் கடந்த குடியானவர். அவருடைய மரானியை, அதாவது மது விளையும் அறையை, நமக்குக் காட்டினார். உள்ளே பாத்திரம் எதுவுங் காணப்படவில்லை. மண் தரையும் அதில் வட்டவட்டமான மூடிகளுமே இருந்தன. ஒவ்வொரு மூடியின் கீழும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட ஒரு தாழி கழுத்தளவும் புதைந்திருந்தது. குவேவ்ரி என்பது அதன் பெயர். அடி கூம்பி வயிறு பருத்த அதன் வடிவத்தை வெளியே கிடந்த பழைய தாழியொன்றிற் கண்டபோது, ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகளின் படங்கள் நம் நினைவுக்கு வந்தன. இங்கோ புதைக்கப்படுவது உயிருள்ள பொருள். குயவர் களிமண்ணைத் திரித்து வளையம் வளையமாகக் கையாலேயே அடுக்கிக் கட்டுவதால் ஒரு பெரிய தாழி உருவாக வாரங்கள் பல ஆகும். சுட்டெடுத்த பின் உட்புறத்தில் தேன்மெழுகு பூசுவர்.

அறுவடைக் காலத்திலே சாற்றையும் தோல், விதை, காம்பு முதலியவற்றையும் ஒருங்கே தாழியிலிட்டு, பொங்கியெழும் சக்கையை நாளுக்குப் பலமுறை கோலால் அமிழ்த்துவர். நொதித்தல் அடங்கியதும் மூடியிட்டுக் களிமண்ணாற் பூசி, ஐந்தாறு மாதங்கள் தொடாமல் விட்டுவிடுவர். பூமியின் குளிர்ச்சி மதுவைக் காக்கின்றது. சக்கை கூம்பிய அடியிற் படிய, மேலுள்ளது தானே தெளிகின்றது. தெளிந்த மதுவுக்கு நம் முன்னோர் தேறல் என்று பெயரிட்டமை நினைக்கத்தக்கது. யவனர் கலங்களில் வந்த தேறலைப் பற்றிப் புறநானூறு பேசுகின்றது.

நாம் சென்றது தாழி திறக்கும் பருவம். களிமண்ணை வழித்து மூடியை அகற்றி, நீண்ட கோலின் நுனியிற் பொருத்திய சுரைக்குடுவையால் வீட்டுக்காரர் மதுவை மொண்டெடுத்தார். தங்கியிருந்தோர் வேறு நால்வர்: பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஆங்கிலத் தம்பதியர், இத்தாலிய இளைஞர் ஒருவர்.

பிரெஞ்சுக்காரர் முகர்ந்த மாத்திரத்திலே முகஞ் சுளித்தார். அடிபட்ட ஆப்பிளின் மணம் வீசுகின்றது என்றும், காற்றுப் பட்டுக் கெட்ட மது என்றும், காற்றையும் தோலையும் விலக்கி வெள்ளை மதுவைத் தூய்மையாக வடிக்கத் தம் நாட்டார் பட்ட பாடெல்லாம் இங்கு வீணாயிற்று என்றும் குறைகூறினார். ஆங்கில மாது அவ்வாறு கருதவில்லை. தேன், உலர்ந்த அப்பிரிக்கொட், தோடம்பழத் தோல் ஆகியவற்றின் வாசனை தெரிகின்றது என்றார். பாலுஞ் சீனியும் சேராத ஆறிய தேநீரைப் போல் நாவைப் பிடிக்கின்றது என்றும் சேர்த்துக் கொண்டார். தேயிலை நாட்டிலிருந்து சென்ற நமக்கு அவ்வுவமை உடனே விளங்கிற்று. அவருடைய கணவரின் அபிப்பிராயம் வேறு. முதற் கோப்பை புதுமை, இரண்டாவது சலிப்பு. எந்த இனத்து முந்திரிகையாயினும் தோலோடு ஊறிய பின் எல்லாம் ஒரே சுவையாகி, இனத்தின் குணமும் நிலத்தின் குணமும் மறைந்து போகின்றன என்றார். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று.

இளைஞர் இத்தாலியின் கீழெல்லையிலுள்ள பிரியூலிப் பகுதியைச் சேர்ந்தவர். அங்கே ஒஸ்லாவியா என்னும் ஊரில் ஸ்தாங்கோ ராடிகோன் 1995 இல் வெள்ளை முந்திரிகையைத் தோலோடு ஊறவிடத் தொடங்கினார். அயலவரான யோஸ்கோ கிராவ்னர், 1996 இல் ஆலங்கட்டி மழையால் விளைவின் பெரும்பகுதி அழிந்தபோது எஞ்சியதைக் கொண்டு அம்முறையைச் சோதித்தார். 2000 இல் இதே காகெத்திக்கு வந்து பார்த்து, மறு ஆண்டிலிருந்து தாழியிலேயே மது செய்யலானார். தெளிந்த வெள்ளை மதுவுக்குப் பேர்போன அவரைப் பழைய வாடிக்கையாளர் பலர் கைவிட்டனர். இவற்றையெல்லாம் எடுத்துரைத்த இளைஞர், இம்மதுவைப் பனிக்கட்டியிற் குளிரவைத்து வெள்ளை மதுவென நினைத்து அருந்துவோரே குறைகூறுவர் என்றார். கடுங்குளிரிற் துவர்ப்புக் கசப்பாகத் தோன்றுமாம்.

நாம் நுனிநாவிற் பட்ட அளவே சுவைத்தோம். பாக்கு மென்றாற்போல் வாய் இறுகிற்று. அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாக வைத்தெண்ணும் நமக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. வாழைப்பூவையும் நாவற்பழத்தையும் விரும்பி உண்போர் அதனைக் குற்றமென்பது எங்ஙனம்? வெள்ளை மது துவர்த்தலாகாது என்று முன்னரே முடிவுசெய்து கொண்ட நாவுக்கன்றோ அது குற்றமாகின்றது! எனினும், கலங்கியதெல்லாம் நல்லது, நாறுவதெல்லாம் இயற்கை என்று சாதிப்பாரையும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. சரிவரக் கழுவாத தாழியில் மது புளித்துக் காடியாகும். அதைப் பழைமையின் பெயரால் விற்பது வஞ்சகம். நல்ல குடியானவன் தாழியைக் கழுவுவதிலேயே தன் திறமையைக் காட்டுவான் என்று வீட்டுக்காரரே கூறினார்.

அபிப்பிராய பேதம் மேசையோடு முடிவதாயின் இவ்வளவு எழுத வேண்டுவதில்லை. சோவியத் ஆட்சியிலே மது பெருந்தொழிற்சாலைகளின் உற்பத்திப் பொருளாயிற்று. தாழி குடியானவர் வீடுகளில் மாத்திரம் ஒதுங்கிற்று. குயவர் குடும்பங்கள் அருகின. பின்னர் 2006 இல் ரஷ்யா ஜோர்ஜிய மதுவுக்குத் தடை விதித்தது. 2013 வரை அது நீடித்தது. பெருஞ்சந்தை அடைபட்டமையால் மேல்நாடுகளை நோக்கியவர்களுக்கு, பிறரிடம் இல்லாத தாழி மதுவே கைகொடுத்தது. பதினோராம் நூற்றாண்டுப் பேராலயமாகிய அலவேர்தியிற் துறவியர் மீண்டும் தாழிகளில் மது செய்கின்றனர். 2013 இல் யுனெஸ்கோவும் இம்முறையை மானிடப் பாரம்பரியமாக ஏற்றது. ரஷ்யா இன்று மறுபடியும் பெருங்கொள்வனவாளராகியுள்ளது. தாழியில் விளைவதோ ஏற்றுமதியில் இன்னும் சிறு பங்கே. ஆகவே வெளிநாட்டார் ஒருவர் முகஞ் சுளிப்பதும் புன்னகைப்பதும் இக்கிராமத்துக் குயவனின் சூளை வரை சென்று தாக்கும்.

இரவு உணவு வந்தது. வாதுமைக்கொட்டை அரைத்துத் தடவிய கத்தரிக்காய், மட்சட்டியில் வெந்த அவரை விதை, உப்புப் பாற்கட்டி, மண்ணடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டி. மரக்கறி உண்போருக்குக் குறைவில்லாத நாடு இது. பிரெஞ்சுக்காரர் கத்தரிக்காயை உண்டபின் ஒன்றும் பேசாது தம் கோப்பையை இரண்டாம் முறை நீட்டினார். ஆங்கிலக் கனவான் மாத்திரம் தம் கருத்தை மாற்றவில்லை.

தோலோடு ஊறிய வெள்ளை மதுவுக்குச் சர்வதேச மது அமைப்பு 2020 இல் ஓர் இலக்கணம் வகுத்துள்ளது. குறைந்தது ஒரு மாதம் ஊறவேண்டும் என்பது விதி. இளைஞர் இதனைக் கூற, வீட்டுக்காரரின் மகள் தந்தைக்கு மொழிபெயர்த்தாள். ஒரு மாதத்திற் சக்கை அடியிலே படிந்தும் இராதே என்று சிரித்தார் பெரியவர். மறுநாட் காலை மதுவை வேறு தாழிக்கு மாற்ற வேண்டியிருந்தமையால், அதைக் கழுவுவதற்குச் செர்ரிமரப் பட்டையாற் செய்த தேய்ப்பானைத் தேடி எழுந்து சென்றார்.