கட்டுக்குக் கீழே

அறுவை முடிந்து வீடு திரும்பியவரைக் காணச் செல்வது நம் அன்பியங்களில் நல்ல வழக்கம். பழங்களோடு நுழைகிறோம், செபம் சொல்கிறோம். வலிக்கிறது என்று அவர் முனகினால், "அறுத்த இடம் வலிக்காதா?" என்று நாமே விடையும் கூறிவிடுகிறோம்.

திண்டிவனத்தில் எங்கள் உறவினர் ஒருவருக்குக் கழுத்துக் கட்டியை அகற்றிய நான்காம் நாள். சர்க்கரை நோயாளி. தையலைச் சுற்றி இலேசான சிவப்பு மட்டுமே. ஆயினும் தலையணையில் தலை சாய்க்க இயலாமல் துடித்தார். "இது அறுத்த வலி இல்லைங்க" என்றார் அவர் துணைவியார். தென்கிழக்கே புதுவை ஜிப்மரா, தெற்கே விழுப்புரத்தை அடையுமுன் வரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியா என்று ஆண்கள் வாதிட்டிருக்க, அவர் 108 வண்டியை வரவழைத்துவிட்டார்.

அந்த அம்மையார் உணர்ந்ததே இந்நோயின் முதல் அடையாளம்: கண்ணுக்குத் தெரியும் புண்ணைவிட வலி மிகுதி. தசையைப் போர்த்திய மெல்லிய உறையின் வழியே கிருமிகள் பரவுகின்றன; சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு உள்ளே சதை மடிகிறது. மேல்தோலோ தொடக்கத்தில் ஏதுமறியாததுபோல் இருக்கும். கருநீலமும் கொப்புளமும் பின்னரே வரும். அப்போது நரம்பும் மடிவதால் வலி குறையலாம், அது குணமன்று. கழுத்தின் உறைகள் நெஞ்சுக்கூட்டினுள் இறங்குவதால் அங்கு ஒவ்வொரு மணி நேரமும் பெரிது.

தலை, கழுத்து அறுவைக்குப்பின் இது அரிதே. கழுத்தில் இது தோன்றுவதற்குச் சொத்தைப் பல்லே பெரும்பாலும் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களிடையே இத்தகைய அழுகலைக் கண்ட மருத்துவர் ஜோசப் ஜோன்ஸ் 1871இல் அதை விவரித்தார். ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். 'நெக்ரோடைசிங் ஃபேசியைட்டிஸ்' என்ற பெயர் 1952இல்தான் வந்தது.

மருந்து மட்டும் போதாதா என்று வீட்டார் கெஞ்சினர். இரத்தம் ஓடாத சதைக்கு மருந்து எப்படிச் சென்று சேரும்? தையலைப் பிரித்தபோது சீழ் இல்லை. பாத்திரம் கழுவிய நீர்போல் கலங்கிய நீரே கசிந்தது. மடிந்த சதையை அன்றிரவே வெட்டி நீக்கினர். மறுநாளும், அதன் மறுநாளும் திறந்து பார்த்தனர். மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தனர். முதல் அறுவை பழுதானதால்தான் இத்தனையும் என்று உறவினர் சிலர் முணுமுணுத்தனர். நன்றாகச் செய்த அறுவையிலும் இது நேரக்கூடும்; மீண்டும் மீண்டும் திறப்பதே இதற்கான மருத்துவம்.

வாரங்கள் கழித்துத் தொடைத்தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டினர். நிறம் இன்றும் பொருந்தவில்லை. திருப்பலிக்கு வரும்போது துண்டால் அதை மூடிக்கொள்கிறார். துணைவியார்தாம் புழுக்கமாக இருக்கிறதென்று இழுத்து விடுகிறார்.