துர்மி தால் இருந்த இடம்

பத்ரிநாத் சாலையில் சமோலியைத் தாண்டியதும் பிரகி. அங்கே அலக்நந்தாவில் வந்து சேரும் பிரகி கங்கையை ஒட்டி ஒரு கிளைச்சாலை மேலேறுகிறது. யாத்திரை வண்டிகள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நான் ஜீப் பிடித்துத் திரும்பினேன்.

"தால் பார்க்கவா? அது எங்கே இருக்கு இப்போ!" என்று சிரித்தார் ஓட்டுநர். தால் என்றால் ஏரி. ஊர்க்காரர்களுக்குத் துர்மி தால். ஆங்கிலேயர் ஏடுகளில் கோஹ்னா ஏரி.

1893 செப்டம்பரில் மலையின் ஒரு பக்கம் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. குறுக்கே எழுந்த மேடு சுமார் 270 மீட்டர் உயரம்; அதன் பின்னால் தேங்கிய தண்ணீர்தான் அந்த ஏரி. அந்த மேட்டின் மிச்சத்தின் மேல்தான் நிற்கிறேன். வீட்டளவு பாறைகள், இடையிடையே புதர். கீழ்ப்பக்கம் ஆறு அவற்றைப் பிளந்துகொண்டு இரைச்சலோடு இறங்குகிறது. மேற்பக்கம் திரும்பினால் அதே ஆறுதானா என்று தோன்றும்: அகன்ற சமதளம், சரளைமேல் இழை இழையாகப் பிரியும் நீர். இறங்கிப்போய்க் கரையைக் கையால் சுரண்டினேன். மாவு போன்ற சாம்பல் நிற வண்டல். ஒரு கல் இல்லை. பாய்கிற மலையாறு மண்ணை இப்படிச் சலித்துப் போடாது. தேங்கிய தண்ணீரின் வேலை இது.

அன்றைய பொறியாளர் புல்ஃபோர்ட், மேடு தானாக உடையாது, 1894 ஆகஸ்டில் ஏரி நிரம்பி வழியும்போதுதான் உடையும் என்று கணித்தார். கோஹ்னாவிலிருந்து ஹரித்வார் வரை தந்திக்கம்பி இழுத்தார்கள். தொங்குபாலங்களைக் கழற்றி எடுத்தார்கள். யாத்ரீகர்களை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 25 அன்று ஏரி வழிந்தது. நள்ளிரவை ஒட்டி மேடு உடைந்தது. கர்வால் ஸ்ரீநகர் அடித்துச் செல்லப்பட்டது. இறந்தவர்கள் ஐந்தே பேர்: அப்புறப்படுத்திய பிறகும் திரும்பி வந்த ஒரு பக்கீரும் அவர் குடும்பமும். கைபேசி காலத்திலும் இப்படி ஒரு கணக்கை நாம் அடிக்கடி எழுதுவதில்லை என்பது என் ஆதங்கம்.

ஏரி முழுவதும் போய்விடவில்லை. எஞ்சியது 1970 ஜூலை வரை கிடந்தது. அந்த மாத வெள்ளம் கொண்டுவந்த கல்லும் மண்ணும் அதைத் தூர்த்து, உடைத்துக்கொண்டு போயின. ஹரித்வாரில் கங்கைக் கால்வாய் சேற்றால் அடைபட்டது.

திரும்பும் வழியில் டீக்கடைப் பெரியவர், ஏரியை மறுபடி கட்டச் சொல்லி ஊரார் கேட்டுவருவதாகச் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை, அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பத்ரிநாத் போகிறவர்கள் பிரகி பாலத்தைக் கடக்கும்போது வலப்பக்கம் ஒரு நிமிடம் பாருங்கள். 1894 வெள்ளம் வந்த வழி அதுதான்.