பத்மினி நின்னு தின்னும்!

'ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்' என்பார்கள். எங்கள் வீட்டுப் பத்மினிக்கு இரண்டு வித்தையும் தெரியும். ஓடினாலும் குடிக்கும், லஸ் கார்னர் சிக்னலில் நின்றாலும் குடிக்கும்.

1986 மாடல் பிரீமியர் பத்மினி. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், அம்மணி பிறப்பால் இத்தாலிக்காரி! ஃபியட் 1100-ஐ பம்பாய் குர்லாவில் தயாரித்து, பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டார்கள். 1089 சி.சி. இன்ஜின், ஸ்டீயரிங்கை ஒட்டி கியர், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. அவருக்கு இப்போது 82. கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்காரக்கூடாது என்று சொல்லவில்லையே! சனிக்கிழமை தோறும் மயிலாப்பூர் - தி.நகர் - அடையாறு என்று சுமார் 15 கிலோமீட்டர் நகர்வலம். அவர் மகாராஜா, நான் சாரதி.

பிரச்னை ஆர்.சி. வடிவத்தில் வந்தது. 15 வருஷம் தாண்டிய காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தேதி நெருங்கியதும் வீட்டு நிதியமைச்சர் கணக்கு நோட்டோடு வந்துவிட்டாள்.

"ஏங்க, லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர்தான் குடுக்குது. மூணு மாசம் டயம். பன்னிரண்டு வரலைன்னா புதுப்பேட்டைதான்!"

புதுப்பேட்டை என்றால் தெரியுமல்லவா? கார் முழுசாகப் போய், கதவு வேறு ஹெட்லைட் வேறாகத் திரும்பி வரும் இடம். ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா காதில் இது விழுந்தது. ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் பார்த்தால், நிறுத்தி வைத்த காருக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுநாள் காலையே மாட வீதிப் பக்கத்துச் சந்தில் மெக்கானிக் பாய் முன்னால் ஆஜர்.

"பாய், டீசல் இன்ஜின் மாத்திடலாமா?"

கேட்டதில் தப்பில்லை. ஒரு காலத்தில் அம்பாஸடரின் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு மாட்டடார் வேனின் டீசல் இன்ஜினை ஏற்றுவது சகஜம். சத்தத்தில் பின் சீட்டுக்காரர் பேசுவது கேட்காது. ஆனால் பர்ஸுக்குச் சுகம். அன்றைக்குப் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் அவ்வளவு தூரம்! 2010-ல் பெட்ரோல் விலையையும், 2014-ல் டீசல் விலையையும் அரசாங்கம் அவிழ்த்துவிட்ட பிறகு அந்தத் தூரம் சுருங்கிப் போயிற்று. 2024 மார்ச்சில் விலை குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய்ச் சொச்சம், டீசல் 92 ரூபாய்ச் சொச்சம்.

பாய் சுமாராக ஒன்றரை லட்சம் ஆகும் என்றார். மாசம் 300 கிலோமீட்டர் ஓடும் வண்டி. டீசல் 16 கொடுத்தாலும், பன்னிரண்டு கொடுக்கும் பெட்ரோல் வண்டியைவிட மாசம் எண்ணூறு ரூபாய்கூட மிச்சமாகாது. போட்ட காசைத் திரும்ப எடுக்க 16 வருஷம். அப்பாவுக்கு அப்போது வயது 98!

"அதுவும் இல்லாம சார், இன்ஜின மாத்துனா ஆர்.டி.ஓ. பர்மிசன் வாங்கி ஆர்.சி.ல ஏத்தணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு" என்றார் பாய். ஸ்பானர் பிடித்த கையில் சட்டப் புத்தகம்!

கேஸ்? அங்கீகாரம் பெற்ற எல்.பி.ஜி. கிட் மாட்டி, அதையும் ஆர்.சி.யில் பதிந்தால் செல்லும். ஆனால் டிக்கியை சிலிண்டர் அடைத்துக்கொள்ளும். 'அப்புறம் காய்கறிப் பையை எங்கே வைப்பது?' என்று அப்பா ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்துவிட்டார். சமையல் சிலிண்டரை வைத்து ஓட்டுவது பற்றிப் பேச்சே கூடாது. சட்டப்படி குற்றம், தவிர உயிருக்கே உலை.

நடுவில் நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். பெட்ரோல் குழாயில் மாட்டினால் மைலேஜ் எகிறும் என்று ஒருத்தர் காந்தம் விற்றார், வாங்கி மாட்டினேன். எகிறியது அவருடைய வருமானம் மட்டுமே. அமெரிக்க சுற்றுச்சூழல் துறை இப்படிப்பட்ட சாதனங்கள் நூற்றுக்கு மேல் சோதித்து, பெரும்பாலானவற்றில் பிரயோசனமில்லை என்று எப்போதோ சொல்லிவிட்டதாம். நமக்கு நஷ்டப்பட்ட பிறகுதானே படிக்கத் தோன்றும்!

கடைசியில் பாய்தான் சொன்னார். "புச்சா எதுவும் மாட்டாத சார். கெட்டதை மொதல்ல சரி பண்ணு."

ஜாக்கி போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினார். அரைச் சுற்றோடு நின்றது. பிரேக் ஷூ டிரம்மைக் கட்டிப்பிடித்தபடியே இத்தனை நாள் ஓடியிருக்கிறது! சோக் கேபிள் முழுசாகத் திரும்பவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. (ஆரோக்கியமான பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டுமாம்.) முன்னொரு மெக்கானிக் 'மெட்ராஸ் வெயிலுக்கு எதுக்கு சார்?' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார். அது இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், அதுவரை கூடுதலாகக் குடிக்கும். "கார்பரேட்டர்ல சின்ன ஜெட் போடுவோமா?" என்றேன். "போட்டா பெட்ரோல் கம்மியாவும். கூடவே இழுவையும் போவும், வால்வும் கருகும்" என்றார் பாய்.

பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றினார். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பரை அது அரித்துவிடும். போதாக்குறைக்கு, லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

டயருக்குச் சரியாகக் காற்றடித்து, டாங்க்கை நிரப்பிக்கொண்டு, அந்தச் சனிக்கிழமை புறப்பட்டோம். கபாலி கோபுரத்துக்கு ஒரு கும்பிடு. சி.பி. ராமசாமி ரோடு, எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை, பாண்டி பஜார். மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளுக்கு நடுவே, எறும்பு ஊர்கிற மாதிரி பனகல் பார்க். "டேய், சிக்னல்ல அரை நிமிஷத்துக்கு மேல நிக்கறதா இருந்தா இன்ஜினை ஆஃப் பண்ணு" என்றார் அப்பா. பண்ணினேன். திரும்ப ஸ்டார்ட் ஆகும்வரை பின்னால் நின்ற ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வெங்கட்நாராயணா ரோடு, நந்தனம் தாண்டி கோட்டூர்புரம் பாலம். ஐ.ஐ.டி. பக்கம் வந்ததும் அப்பாவுக்கு ஞாபகம். 1996-ல் ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலுக்காக இந்த ஐ.ஐ.டி. பெயர் பேப்பரில் என்னமாய் அடிபட்டது! 2016-ல் சென்னை கோர்ட் அவருக்கு மூன்று வருஷ சிறைத் தண்டனை விதித்தது. "அப்ப நான்கூட நம்பினேன்டா. லிட்டர் சில ரூபாய்தான்னா யாருக்குத்தான் ஆசை வராது?" என்றார். காந்தம் வாங்கியவன் என்ன பதில் சொல்ல?

அடையாறு சிக்னலில் திரும்பி, திரு.வி.க. பாலத்தில் ஏறியபோது கடல் காற்று. ஆற்றைப் பார்த்தபடி அப்பா, "நாப்பதுலயே போ, நல்லா இழுக்குது" என்றார். மந்தைவெளி வழியாக வீடு.

மூணாவது மாசக் கடைசியில் பங்க்கில் மறுபடி டாங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். முந்நூறு கிலோமீட்டருக்கு 25 லிட்டர். சரியாகப் பன்னிரண்டு! மாசம் பத்து லிட்டர் மிச்சம், ஆயிரம் ரூபாய்.

அப்பா டேஷ்போர்டிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்தார். 1986 முதல் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு நாளும் அதில் இருக்கிறது. ஓட்டுவதை நிறுத்திய அன்று எழுதுவதையும் நிறுத்தியிருந்தார். கை நடுங்க, புதுப் பக்கத்தில் '12' என்று எழுதி, அடிக்கோடு போட்டார்.

வீட்டில் டைரியை நீட்டினேன். என் மனைவி பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"சரிங்க, ஆர்.சி.யைப் புதுப்பிச்சிடுங்க. நாப்பது வருஷ வண்டி ரிப்பேர் பண்ணதும் திருந்திடுச்சு. நீங்க எப்பங்க?"