இரண்டாம் பெட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவோர், கல்லாற்றைக் கடந்ததும் சாலையின் குணம் மாறுவதை அறிவர். 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, அவ்வாண்டு மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டியதாயிற்று. கோடைப் பருவத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைகின்றன என்பது அவ்வழக்கில் பேசப்பட்ட கணக்கு. ஆனால் முதலாண்டில் எண்ணிக்கைக்கு வரம்பு ஏதுமில்லை. விண்ணப்பித்தவர்க்கெல்லாம் அனுமதி கிடைத்தது. “கேட்டவங்களுக்கெல்லாம் கொடுக்கிறதுன்னா எதுக்குங்க பாஸ்?” என்று குன்னூர்ப் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் ஒருவர் கேட்டபோது நாங்களும் சேர்ந்து நகைத்தோம். அந்நகைப்பை ஏழெட்டு மாதங்களில் திரும்பப் பெற நேர்ந்தது. காரணம் சாலையன்று, ஒரு சொல்லடைவு.

எங்கள் பேராசிரியர், எட்டுத்தொகை பத்துப்பாட்டுக்கு முப்பதாண்டுகளாகக் கைப்பட எழுதிய சொல்லடைவுச் சீட்டுகளைச் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். குன்னூர் ஈரத்தில் காகிதம் நெடுநாள் தாங்காது. அவரிடம் பயின்று, பின்னர் நாங்களே ஆசிரியர்களாகிவிட்ட மூவர், அச்சீட்டுகளைத் தட்டச்சிட்டு ஓர் இணையத்தளமாக்கினோம். மாதவாடகைக்கு எடுத்த சிறு வழங்கி. 2 ஜிபி நினைவகம். அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். செலவு எங்கள் சட்டைப்பையிலிருந்து. ஐயாவின் கண்பார்வை மங்கிவிட்டது. எவரேனும் ஒரு மாணவர் அத்தளத்தைப் பயன்படுத்தியதாக நாங்கள் சொன்னால், அது எவ்வூர், எச்சொல்லைத் தேடினார் என்று கேட்பார். அவ்வளவே அவர் பெற்ற ஊதியம்.

விரிவுரையாளர் தகுதித் தேர்வு நெருங்கிய வாரத்தில் தளம் விழத் தொடங்கியது. மாலை ஏழு மணியானால் போதும், ‘தரவுத்தளத்துடன் இணைய இயலவில்லை’ என்ற ஒற்றை வரி. ஊட்டியில் மழை, அதனால்தான் தளம் வரவில்லை என்று மாணவர் ஒருவர் தம் தோழர்க்கு விளக்கம் அளித்திருந்தார். வழங்கி இருந்ததோ மும்பையில். வாடகைக்கு விட்ட நிறுவனம் மும்மடங்கு கட்டணமுள்ள திட்டத்திற்கு மாறுமாறு அறிவுரைத்தது. மாறியிருந்தால் ஓராண்டு ஓடியிருக்கும். மறு ஆண்டு தளத்தை மூடியிருப்போம். அதை ஐயாவிடம் எவர் போய்ச் சொல்வது?

முதலில் நாங்கள் செய்தது பெரும்பிழை. மைஎஸ்க்யூஎல் இயல்பாக ஏற்கும் இணைப்புகள் 151. போதவில்லை போலும் என்று எண்ணி அதை 500 ஆக்கினோம். அப்பாச்சியின் பணியாள் எண்ணிக்கையையும் ஏற்றினோம். அன்றிரவு வழங்கி முற்றாக நின்றது. உள்ளே நுழைந்து பார்க்கவும் எங்களுக்கு வழியில்லை. பின்புதான் கணக்குப் போட்டோம். எங்கள் தளத்தில் ஒரு பணியாள் ஏறத்தாழ 50 எம்பி நினைவகம் கொள்கிறான். 150 பேர் ஒருசேர எழுந்தால் 7,500 எம்பி. இருப்பதோ 2,048. எஞ்சியதை வட்டில் எழுதி எழுதி எடுக்கிறது எந்திரம்; வட்டோ நினைவகத்தினும் பன்மடங்கு மந்தம். பர்லியாறு வளைவில் எதிரெதிரே இரு சுற்றுலாப் பேருந்துகள் நின்றுவிட்டால் அவற்றின் பின்னே நிற்கும் நூறு வண்டிகளும் எஞ்சினை ஓடவிட்டபடி எண்ணெயை எரிக்குமே, அதுதான்.

பணியாளரை 20 ஆகக் குறைத்தோம். நண்பர்களில் ஒருவர் இதை ஏற்கவே மறுத்தார். கூட்டம் கூடும்போது வாசலைச் சுருக்குவதா என்றார். அவருக்குக் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. நெரிசலில் ஒரு வேண்டுகோளுக்குப் பத்து நொடி பிடிக்குமானால், 150 பேர் சேர்ந்து நொடிக்கு முடிப்பது 15. நெரிசலின்றி அரை நொடியில் முடியுமானால், 20 பேரே நொடிக்கு 40 முடிப்பர். எஞ்சியோர் வாசலில் சற்றுக் காத்திருப்பர். ஆயினும் முன்னினும் விரைவில் உள்ளே வருவர். மிச்சமான நினைவகத்தில் 512 எம்பியைத் தரவுத்தளத்தின் இடைநிலைக் கொள்கலனுக்குக் கொடுத்தோம். அது இயல்பில் 128 எம்பிதான். விடை பெற்ற பின்னும் பார்வையாளரின் அடுத்த வேண்டுகோளை எதிர்நோக்கி ஐந்து நொடி சும்மா அமர்ந்திருக்கும் வழக்கமும் அப்பாச்சிக்கு உண்டு. தேநீர் குடித்து முடித்தும் பெஞ்சை விட்டு எழாத நம்மவரை நினைத்துக்கொள்ளலாம். அதை ஒரு நொடியாக்கினோம்.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று. வரம்பு எட்டிய பின்னும் மைஎஸ்க்யூஎல் ஓர் இணைப்பை மட்டும் நிர்வாகிக்கென ஒதுக்கி வைக்கிறது. டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிக்கு இ-பாஸிலிருந்து விலக்களித்தது போல! உள்ளூர்க்காரன் வீடு சேர வேண்டுமல்லவா? எங்கள் நிரலும் நிர்வாகியின் பெயரிலேயே இணைந்துகொண்டிருந்தது என்பதும், அவ்வொற்றை இடத்தையும் அதுவே தின்றுவிட்டது என்பதும் பிறகு தெரிந்தது.

தளம் நின்றது, ஆனால் நலமாக நிற்கவில்லை. அவ்வப்போது சில தேடல்கள் மட்டும் எல்லாவற்றையும் மறித்தன. எவை என்று அறிய, மெதுவான வினவல்களைப் பதிவு செய்யும் வசதியை இயக்கி, இயல்பாக 10 நொடியாக உள்ள எல்லையை 1 நொடியாக்கினோம். இரண்டு நாள் எதையும் தொடாமல் குறித்துக்கொண்டு மட்டும் இருந்தோம். முதலாண்டு இ-பாஸின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. யார், எவ்வண்டியில், எத்தனை நாள் என்ற கணக்கைச் சேர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மலையின் தாங்குதிறனை ஆராயச் சென்னை ஐஐடியும் பெங்களூர் ஐஐஎம்மும் அமர்த்தப்பட்டிருந்தன. எண்ணாமல் வரம்பு விதிப்பதெங்ஙனம்?

பதிவேட்டில் சிக்கியவை அனைத்தும் ஓரினத்தவை: ஈறு கொண்டு தேடியவை. ‘ஆன்’ என முடியும் சொற்கள், ‘இசின்’ என முடிபவை எனப் பலவாறு. தரவுத்தளத்தின் அட்டவணை முதலெழுத்து வரிசையில் இருந்தது. ஈற்றைக் கேட்டால் முதற்சொல் தொட்டு இறுதிச்சொல் வரை ஒவ்வொன்றாகப் புரட்டுவதன்றி அதற்கு வேறு வழியில்லை. தமிழ் பயின்றவர்க்கு இது புதிதன்று. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி சொற்களை எதுகை வரிசையில் அடுக்கியது. 1594இல் சிதம்பர இரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு முதலெழுத்து வரிசைக்கு மாறியது. எதுகை கொண்டு பாப் புனைபவனுக்கு முதலெழுத்து வரிசை பயன்படாது. தேடுபவனின் தேவையை நோக்கியே அடுக்க வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள்தாம் அவர்கள். நாங்கள்தான் மறந்திருந்தோம்.

இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ரெண்டாவது பெட்டிய என்னப்பா பண்ணீங்க?” என்றார்.

ஒரே சொல்லுக்கு ஏன் இரு சீட்டுகள் என்று எண்ணி, படி என ஒதுக்கிவிட்ட பெட்டிகள் அவை. ஈற்றெழுத்து வரிசையில் அவர் தனியே அடுக்கிய மற்றோர் அடைவு. முப்பதாண்டு உழைப்பில் பாதி, எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. மூவரும் தலை குனிந்தவாறு அமர்ந்திருந்தோம். ஐயாவுக்கு அது தெரிந்திராது.

தீர்வு எளிது. ஒவ்வொரு சொல்லையும் தலைகீழாகத் திருப்பி மற்றொரு பத்தியில் எழுதி, அதற்கும் அட்டவணை அமைத்தோம். யூனிகோடில் உயிர்மெய்யைத் திருப்பினால் கொம்பும் காலும் எழுத்துக்கு முன்னே வந்து நின்று பார்க்கவே பொறுக்காது. எந்திரத்துக்கு அதனாலொன்றும் குறையில்லை. கேட்கும் ஈற்றையும் அவ்வாறே திருப்பினால் போதும். எட்டு நொடி எடுத்த தேடல் கண்ணிமைப்பில் முடிந்தது. ‘குறிஞ்சி’ போன்று அனைவரும் கேட்கும் சொற்களுக்கு, பேருந்து நிலையத்தில் நேரப் பலகை எழுதி மாட்டுவதுபோல், பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிட்டோம். தேர்வுக்கு முந்தைய இரவு தளம் விழவில்லை. வாடகையும் ஏறவில்லை.

2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என நீதிமன்றம் வரம்பு விதித்தது. விடுதிக்காரர்களும் வணிகர்களும் எதிர்த்தனர். அவர்தம் பிழைப்பு எங்கள் இணைப்பு எண்ணிக்கை போன்றதன்று. எங்கள் கணக்கை அவர்களிடம் காட்டத் துணியமாட்டோம்.

பரணிலிருந்து இறக்கிய பெட்டிகளில் சில சீட்டுகளின் ஓரத்தில் பென்சிற் குறிப்புகள் உள்ளன. பல மங்கிவிட்டன, எங்களால் படிக்க முடிவதில்லை. ஞாயிறுதோறும் ஐயா வீட்டுக்குச் சென்று சொல்லையும் பாடல் எண்ணையும் உரக்கப் படிக்கிறோம். குறிப்பை அவர் நினைவிலிருந்து சொல்கிறார், நாங்கள் தட்டச்சிடுகிறோம். இதுவரை ‘ன்’ ஈறு முடிந்திருக்கிறது.