தலச்சேரி என்பது ஊரன்று, ஓர் அளவு

கொச்சி மட்டாஞ்சேரியின் மிளகுச் சந்தையில் நாள்தோறும் இரண்டு விலைகள் சொல்லப்படும்: கார்பிள்டு, அன்கார்பிள்டு. தூசி, காம்பு, பொக்கு நீக்கிச் சலித்தது முன்னது. வந்தபடியே இருப்பது பின்னது. சலித்தலைக் குறிக்கும் அரபுச் சொல்லான 'கர்பலா' நறுமணப் பொருள் வணிகத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிலத்தில் 'கார்பிள்' ஆயிற்று. வேண்டியதை மட்டும் பொறுக்குதல் என்ற பொருள் நாளடைவில் செய்தியைத் திரித்தல் என்றாகி, இன்று குழறலில் வந்து நிற்கிறது. மிளகு மூட்டையின் மீதோ அது இன்றும் தூய்மையையே குறிக்கிறது.

இதனினும் விந்தையான சொல் 'தலச்சேரி'. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் மணி 'தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்', 4.75-இல் தங்குவது 'ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்ட்'. இடுக்கியில் விளைந்தால் என்ன, வயநாட்டில் விளைந்தால் என்ன, பருமன் இருந்தால் அது தலச்சேரி. (மிளகாய்க்கே மிளகின் பெயரை ஈந்த மொழி நம்முடையது, பெயர் இடம்பெயர்வதில் நாம் வியக்க ஏதுமில்லை.) சாக்லேட் செய்வோர் சிலர் கோக்கோ விளைந்த தோட்டத்தின் பெயரையே உறையில் அச்சிடும் காலத்தில், மிளகுக்கு அப்பேறு அரிதாகவே வாய்க்கிறது.

பருமன் சுவைக்கு முழுச் சான்றாகாது. காரம் பைப்பரினால் வருவது. மணம் ஆவியாகும் எண்ணெயால் வருவது. கொடியின் இரகம், மண், மழை, நிழல், பறித்த பருவம், உலர்த்திய முறை அனைத்தும் அவ்விரண்டையும் மாற்றும். சாறு எடுக்கும் ஆலைகள் முற்றாத இளமணியையே நாடுவது இதனால்தான். பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தின் கலப்பினமான பன்னியூர்-1 பெருமணி தருவது. நாட்டு இரகமான கரிமுண்டாவின் மணி அதைவிடச் சிறியது. சல்லடைக்குத் தெரிவது இந்த வேறுபாடு ஒன்றே.

பிறப்பிடத்தைச் சட்டம் கேட்கும் இடம் வேறு. 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி, வியட்நாம் மிளகு இலங்கைச் சான்றிதழோடு நுழைவதாக விவசாயிகள் முறையிட்டனர். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதிக்கப்பட்டது. துறைமுகத்தில் நாட்டின் பெயர் அவ்வளவு கனமானது. உள்நாட்டுக் குன்றின் பெயருக்கோ கிட்டங்கியில் எவரும் தனிவிலை வைப்பது அரிது. மலபார் மிளகுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஒரு பெருநிலப்பரப்பின் பெயர், ஒரு மலைச்சரிவின் பெயரன்று.

பழைய கரிமுண்டாக் கொடியை இன்னும் வெட்டாமல் வைத்திருக்கும் சிறு விவசாயியின் மணி, எவ்வளவு மணந்தாலும், சல்லடைக் கண்ணில் நழுவி 'மலபார்' என்று எழுதிய மூட்டைக்குள் போய்ச் சேர்கிறது. விலையும் அதற்கேற்பவே.